நாற்பது கிலோ வரை

லாயத்து வாசல் பலகையில் எழுதியிருந்தது:
மட்டக்குதிரைச் சவாரி, பன்னிரண்டு யூரோ.
எடை நாற்பது கிலோ வரை.
பக்கத்தில்
உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் பழைய தராசு.

டெர்வ்லா ஏறி நின்றாள்.
நாற்பத்திரண்டு.

கிளிஃப்டனிலிருந்து வரும் வழியெல்லாம்
குதிரைக்கு எத்தனை பல்,
எந்தக் காதை மடக்கினால் என்ன கோபம் என்று
எங்களுக்குப் பாடம் நடத்தியவள்
முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பத்து வயதில் அது தீர்ப்பு.
நான் ஏதோ சொல்லப் போனேன்,
"பரவாயில்லை" என்று தொடங்குகிற ஏதோ ஒன்று.
நல்லவேளை, வாயில் பாதி சாண்ட்விச்.

நோரீன் குரலைத் தாழ்த்தவில்லை.
"சட்டைப் பையில் என்ன வைத்திருக்கிறாய்?"

காலையில் கடற்கரையில் பொறுக்கியவை
வெளியே வரத் தொடங்கின.
ஈரல் நிறத்தில் ஒரு கல்.
நடுவே வெள்ளைக்கோடு ஓடுகிற ஒன்று.
ஓட்டை விழுந்தது ஒன்று.
பெயர் சொல்ல ஒன்றுமில்லாத
ஏழெட்டு.
பிறகு, எந்த வீட்டினுடையதோ,
உப்பரித்த பித்தளைக் கதவுப்பிடி.
எல்லாம் என் கோட்டுப் பைகளுக்கு வந்தன.
பூட்ஸையும் கழற்றினாள்.

முள் இறங்கி
நாற்பதுக்கு மேல் ஒரு மயிரிழையில் நின்றது.
நோரீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக்
குனிந்து படித்தாள்:
"நாற்பது."

கஹலுக்கு ஐந்து வயது.
குளிர்காலம் முழுக்கச் சோபாவின் கையில் ஏறிக்
கண்டம் கண்டமாகப் பாய்ந்தவன்.
நிஜக் குதிரை ஒருமுறை மூச்சு விட்டதும்
டொனக்காவின் முழங்காலுக்குப் பின்னால் போய்விட்டான்.
"அதுக்கு மூக்கு ஈரமா இருக்கு."

"பேர் என்ன?" கால்சட்டைக்குப் பின்னாலிருந்து கேள்வி.
"செவ்வாய்க்கிழமை" என்றாள் நோரீன்.
"செவ்வாய்க்கிழமை பிறந்ததா?"
"இல்லை, வியாழன்."
அவன் யோசித்தான்.
அந்தக் கணக்கு அவனுக்கு எப்படியோ சரிவந்தது.
தூக்கச் சொல்லிக் கைகளை விரித்தான்.

கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது.
நாலு மணிக்குத் திரும்பி வந்துவிடும்
என்றாள் நோரீன்,
பேருந்து நேரம் சொல்வதுபோல.
வரிவரியாய் இறுகிய மணலில்
குளம்பு பதிந்த இடமெல்லாம்
கிண்ணம் கிண்ணமாக வானம்.

டொனக்கா கூடவே நடந்தான்,
மீன் பெட்டி தூக்கிக் காய்த்த கை
மகனின் முதுகுக்குப் பின்னால்.
தொடவில்லை. ஓர் அங்குலம் காற்று.
"அப்பா, கையை எடு."
திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்.
எடுத்தான்.
எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவனுக்கு.
பைக்குள் விட்டான், வெளியே எடுத்தான்,
காலியான இடுப்புப் பட்டையைச் சரிசெய்தான்.

செவ்வாய்க்கிழமை திடீரென்று நின்று
கால்களை அகட்டி
மூத்திரம் பெய்தது.
நெடுநேரம்.
தேசியகீதத்துக்கு நிற்பதுபோல
எல்லோரும் நின்றோம்.
மேலே உட்கார்ந்திருந்தவன் மட்டும்
எட்டிப் பார்த்து அறிவித்தான்: "இன்னும் முடியலை."

டெர்வ்லா முன்னால் போய்க்கொண்டிருந்தாள்,
மேகநிறக் குதிரையில்.
பாடம் நடத்துகிற வாய் மூடியிருந்தது.
யாருடைய தலைவியர்வையோ மணக்கிற
பெரிய தலைக்கவசத்துக்குக் கீழே
முதுகு நேராக.
எங்களை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கடைசியில்.
இரண்டு பக்கமும் கற்கள் இழுக்க
கோட்டு முழங்காலில் இடித்தது.
என் கால்தடம்தான் எல்லோருடையதையும்விட ஆழம்.
என்னை நிறுத்துப் பார்க்க யாரும் சொல்லவில்லை.

திரும்பும்போது, காரில்,
பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது:
"ஓட்டைக் கல் மட்டும்."
கொடுத்தேன்.
குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்று புதன்.
சூப்பர் மார்க்கெட்டில் சில்லறை துழாவியபோது
கைக்கு வந்தது கதவுப்பிடி.
பின்னால் ஆறு பேர் வரிசை.
பைக்குள்ளேயே, யாருக்கும் தெரியாமல்,
ஒருமுறை திருகிப் பார்த்தேன்.